மோட்டர் பாஸ் போட்ட கையெழுத்து

மழை வருமா என்று கேட்டால்கூட அவர் யோசிப்பார். மலை முகட்டை ஒரு தரம் பார்ப்பார். எங்கள் தலைக்கு மேலே கறுத்துக் கிடக்கும் வானத்தை ஒரு தரம் பார்ப்பார். பிறகு, "தெரியலீங்க கிளாக்கரய்யா" என்பார். நாங்கள் எல்லாரும் குடையை விரித்துக்கொண்டு நிற்கும்போதும் அதே பதில்தான்.

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் மோட்டர் வேலை பார்த்தார். நான் அந்தத் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர். கைவேலை தெரிந்தவரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்று கூப்பிடுவார்கள். மரவேலை செய்கிறவரும் பாஸ், கல் வைத்துக் கட்டுகிறவரும் பாஸ். இவர் மோட்டர் பாஸ். தோட்டத்து லொறி, டிராக்டர், தோட்டத்தை நடத்துகிற துரையின் கார் மூன்றும் அவர் கையில்தான் இருந்தன. சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

குட்டையான மனுஷன். கை இரண்டும் முழங்கை வரைக்கும் எண்ணெய்க் கறுப்பு; அதற்கு மேலே வேறு ஆளுடைய கை மாதிரி வெளுத்திருக்கும். காதில் ஒரு பீடி செருகியிருப்பார். ஷெட்டுக்குள் அதைப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை.

அவரை நான் முதலில் கவனித்தது ஒரு பைல் அட்டைக்காக. துரையின் கார் என் வயதைவிட மூத்த இங்கிலீஷ் கார். வண்டியை நிறுத்திய பிறகு என்ஜின் தன்பாட்டில் மெல்ல ஓடுகிற ஓட்டத்தை மோட்டர்காரர்கள் 'ஸ்லோ' என்பார்கள். அந்த ஸ்லோ நிலைக்கவில்லை. விர்ரென்று ஏறும், பிறகு இறங்கும், கடைசியில் ஒரு குலுக்கலோடு அணைந்துவிடும். தினமும் காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடியிருக்கும் இருநூறு பேருக்கு முன்னால் துரை வந்து நிறுத்துவார், வண்டி அணையும். பின்வரிசையில் யாராவது இருமுவது மாதிரிச் சிரிப்பார்கள். துரையின் கழுத்து சிவக்கும்.

அந்தக் காரின் ட்ரைவர், பாஸின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. சட்டைப்பையில் சீப்பும் முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்புமாக இருக்கும் பையன். அவன் கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகித் திருகி ஸ்லோவைக் கூட்டிவைப்பான். அரை நாள் ஓடும், மறுபடியும் அதே கதை.

"ஏன் மச்சான், இந்த ஸ்குரூவதானே எல்லா எடத்துலயும் திருகுறாங்க?" என்று ஒருநாள் கேட்டான்.

"திருகுனா சத்தம் மாறும் மாப்ள. அது ஏன் அப்டி சத்தம் போட்டுச்சுன்னு நமக்கு தெரியாமலே போயிரும்."

ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் குழாய் வைத்திருந்தார். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஓடுகிற என்ஜினின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். அது முடிந்ததும் சவர்க்காரத் தண்ணீரைக் கொண்டுவந்து, குழாய்களின் பொருத்துகளில் சொட்டுச் சொட்டாக விட்டார். காலையில் குனிந்தவர் சாப்பாட்டு மணிக்கும் நிமிரவில்லை. பிற்பகலில் ஒரு பொருத்தில் விட்ட நுரை உள்ளே இழுபட்டது. அந்த ஒரு நொடி என்ஜின் அமைதியாக ஓடியது.

"இந்த வழியாதான் களவா காத்து போகுது" என்றார். அவர் யாரைப் பார்த்தும் அதைச் சொன்ன மாதிரி இல்லை.

பிறகு ஆபீஸ் வாசலில் வந்து நின்று, தடிப்பான பழைய பைல் அட்டை ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். பெரிய கிளாக்கர், "தோட்டத்து சொத்து, குடுக்க முடியாது" என்றார். நான் என்னுடைய சொந்த அட்டை ஒன்றைக் கொடுத்தேன். அதை பிளேடால் வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, அந்தப் பொருத்தின் நடுவில் வைத்து இறுக்கினார். மறுநாள் பெரட்டில் கார் அணையவில்லை. துரைக்கு நல்ல சந்தோஷம்.

"பாஸ், இப்ப சரிதானே?"

"இன்னைக்கி சரியா இருக்குங்க தொரை."

"நாளைக்கு?"

"நாளைக்கு பாத்துட்டு சொல்றேங்க."

துரை அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

இது வண்டியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்த தோட்டத்திலிருந்து பெண் வீட்டார் வந்து, எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவனைப் பற்றி விசாரித்தார்கள். வழியில் அகப்பட்டவர் பாஸ். பையன் குடிப்பானா என்று கேட்டதற்கு, "எம்முன்னால குடிச்சதில்லீங்க. குடிக்கமாட்டான்னு சொல்ல எனக்கு தெரியாது" என்றிருக்கிறார். சம்பந்தம் நின்றுபோனது. பையனின் அப்பா ஷெட் வாசலில் வந்து வாய்க்கு வந்தபடி ஏசினார். பாஸ் முழுவதையும் கேட்டுவிட்டு, "நான் பொய் எதும் சொல்லலியே அண்ணே" என்றார். அதைக் கேட்டு அந்த மனுஷனுக்கு இன்னும் கோபம் ஏறியது.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ஆபீசில் நாள் முழுவதும் ஆமா சார், சரி சார் என்று சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, ஷெட்டில் போய்ப் பத்து நிமிஷம் அவர் பக்கத்தில் நிற்பது நல்ல காற்று வாங்கின மாதிரி இருக்கும். அதே சமயம் ஒரு பயமும் இருந்தது. என்றைக்காவது ஒருநாள் என்னைப் பற்றி யாராவது இவரிடம் கேட்டால் என்ன சொல்வாரோ என்று.

அடுத்த வருஷம் காரின் சூடு காட்டும் மீட்டர் கெட்டது. கெட்டது என்று அவர் ஒருவர்தான் சொன்னார். முள் என்னவோ நடுவில் அழகாக நின்றது. ஏற்றம் ஏறினாலும் நடுவில், இறங்கினாலும் நடுவில். அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"வண்டி மூச்சு வாங்குது. ஸ்லோ வேற எறங்குது. இது மட்டும் அசையாம நிக்கிதே" என்றார்.

என்ஜினில் தண்ணீர் எவ்வளவு சூடு என்று மீட்டருக்குச் சொல்ல ஒரு சின்னப் பித்தளைக் குமிழ் இருக்கும். அதைக் கழற்றினார். தேயிலைப் பாக்டரி டீமேக்கரிடம் கெஞ்சி, தேயிலை காயவைக்கும் இடத்திலிருந்து ஒரு வெப்பமானியை வாங்கிவந்தார். மண்ணெண்ணெய் அடுப்பில் தகர டப்பாவை வைத்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, வயரோடு அந்தக் குமிழை உள்ளே இறக்கினார். நானும் ட்ரைவரும் காருக்குள் எட்டி மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. முள் நடுவிலேயே நின்றது. பாஸ் வயரைக் கழற்றிக் கார் இரும்பில் தொட்டுக் காட்டினார்; முள் துள்ளி ஓரத்துக்குப் போனது.

"மீட்டர் நல்லாதான் இருக்கு. அதுக்கு சேதி சொல்றதுதான் செத்துப்போச்சு" என்றார் பாஸ்.

அது வெளிநாட்டுச் சாமான் கடைக்கு வராத காலம். பதுளைக் கடைவீதியில் உள்ள பார்ட்ஸ் கடைகளின் தட்டுகள் பாதிக்குமேல் வெறுமையாக இருந்தன. கொழும்புக்கு எழுதிப்போட்டால் ஒருவேளை கிடைக்கலாம். அதற்குத் துரை கையெழுத்து வேண்டும். பாஸ் சொல்லச் சொல்ல, சாமான் கேட்டு நான்தான் துண்டுச் சீட்டு எழுதினேன். துரை அதில் 'பிறகு' என்று எழுதித் திருப்பினார். ஒரு மாதம் கழித்து இன்னொரு துண்டு. மழை விட்டதும் மூன்றாவது. மூன்றும் என் பைலில் இருந்தன.

அதற்கிடையில் பாஸ் மச்சினனைக் கூப்பிட்டுச் சொன்னார். நானும் நின்றிருந்தேன்.

"மாப்ள, அந்த முள்ள பாக்காத. ஏத்தத்துல வந்தா ரெண்டு மைலுக்கு ஒருக்கா நிறுத்து. எறங்கி தண்ணிய பாரு. ஸ்லோ தடுமாறுனா அந்த எடத்துலயே நிறுத்திரு. வெளங்குச்சா?"

"வெளங்குச்சு மச்சான்."

கொஞ்ச நாள் அவன் அப்படித்தான் செய்தான்.

அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பதுளையிலிருந்து துரையின் மனைவி துரைசாணியைக் கூட்டிக்கொண்டு ஏறி வந்துகொண்டிருக்கும்போது ரேடியேட்டர் குழாய் கீறல் விட்டிருக்கிறது. தண்ணீர் ஒழுகி ஒழுகித் தீருகிற நிலைக்கு வந்தது. முள் நடுவில் நின்றது. ஒரு வளைவில் ஆவி பீறிட்டுக் கண்ணாடியை மூட, அதே நேரம் என்ஜின் இறுகிப் பிடித்து, கார் சுழன்று மலைப்பக்கத்து வடிகால் கானில் விழுந்தது. மறுபக்கம் பள்ளம். அந்தப் பக்கம் போகாமல் அவன் ஸ்டீயரிங்கை ஒடித்ததுதான் உயிர் பிழைத்த காரணம். துரைசாணிக்கு மணிக்கட்டு முறிந்தது. அவனுக்கு நெற்றியில் ஐந்து தையல்.

திங்கட்கிழமை விசாரணை என்று துரை சொன்னார். அதைச் சொல்ல நான் ஷெட்டுக்குப் போனபோது பாஸின் மனைவி அங்கே நின்றுகொண்டிருந்தார். கொழுந்துக் கூடை முதுகிலேயே இருந்தது. மலையிலிருந்து நேராக வந்திருக்கிறார்.

"என்னாங்க, தம்பி சொல்றான் தொரசாணிதான் அவசரப்படுத்துனாங்களாம். நிறுத்த நிறுத்த ஏசுனாங்களாம். அத மட்டும் சொல்லிருங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"நான் வண்டியில இல்லியே."

"அவன் பொய்யா சொல்லுவான்?"

"அவன் சொல்றது நெசமாவும் இருக்கும். ஆனா நான் பாக்கலியே. பாக்காதத எப்டி சொல்றது?"

"உங்கள சாமி மேல சத்தியமா பண்ண சொல்றேன்? நம்ம புள்ளைங்களுக்கு ஒரே மாமன்."

அவர் ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். "நீங்களாச்சும் சொல்லுங்க கிளாக்கரய்யா." நான் விசாரணை ஒன்பது மணிக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

விசாரணையில் துரையும் பெரிய கிளாக்கரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். பாஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. குமிழைக் கொதிதண்ணீரில் போட்டுப் பார்த்தது, அது செத்திருந்தது, மூன்று துண்டு கொடுத்தது, மூன்றும் திரும்பி வந்தது எல்லாம் சொன்னார். அதோடு நிறுத்தவில்லை. ட்ரைவருக்கு அது தெரியுமா என்று துரை கேட்டார். தெரியும் என்றார். நிறுத்திப் பார்க்கச் சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன் என்றார். அன்றைக்கு அவன் நிறுத்தினானா? "அது எனக்கு தெரியாதுங்க. ஆனா ரெண்டு மைலுக்கு ஒருக்கா நிறுத்திருந்தா தண்ணி கொறையிறது தெரிஞ்சிருக்கும்."

வெளியே வராந்தாவில் நெற்றிக் கட்டோடு ட்ரைவர் நின்றுகொண்டிருந்தான். உள்ளே பேசுவது அவனுக்குக் கேட்டது.

பாஸ் போன பிறகு துரை என் பைலை வாங்கினார். மூன்று துண்டுகளையும் உருவி எடுத்துத் தன் மேசை லாச்சிக்குள் வைத்தார். தோட்டத் தமிழில்தான் பேசினார், எப்போதும் போல.

"சின்ன கிளாக்கர், இங்கிலீஷ்ல டைப் பண்ணு. ட்ரைவர் சங்கதி மட்டும் போதும். மீட்டர் சங்கதி வேணாம். வெளங்குதா?"

"எஸ் சார்" என்றேன்.

எனக்கு இருபத்தைந்து வயது. தொழிலாளர் லயத்தில் பிறந்து, உத்தியோகத்தருக்கான ஸ்டாப் வீட்டுக்கு வந்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். அப்பாவும் அம்மாவும் அந்த வீட்டில்தான் என்னோடு இருந்தார்கள். இதெல்லாம் காரணம்தான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இந்தக் காரணம் எதுவும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. கை தன்பாட்டில் தட்டச்சுப் பொறிக்குப் போனது. எட்டு வரியில் முடித்தேன்.

பிற்பகலில் பாஸ் கையெழுத்துப் போட வந்தார். துரையின் அறையில் அப்போது யாரும் இல்லை. மேசையில் அந்தத் தாளை வைத்தேன். பக்கத்தில் துரையின் கையெழுத்துக்குப் போகவேண்டிய காகிதங்கள் ஒரு தட்டில் கிடந்தன.

"எனக்கு இங்கிலீசு வாசிக்க தெரியாது. வாசிச்சு சொல்லுங்க" என்றார்.

தாளைக் கையில் எடுத்தேன். அவர் காலையில் சொன்னதை முழுவதும், ஒன்று விடாமல், தமிழில் சொன்னேன். குமிழ், கொதிதண்ணீர், மூன்று துண்டு, மச்சினனுக்குச் சொன்னது. தாளில் இல்லாததை எல்லாம் தாளைப் பார்த்தபடியே வாசித்தேன். என் குரல் நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தாளின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் இருக்குங்களா?"

"இருக்கு பாஸ்."

பேனாவை வாங்கி, நிதானமாகத் தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரமே ட்ரைவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களில் ஒரு பங்கு பேர் இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்துவிட்டுப் பாஸ்போர்ட்டுக்குக் காத்திருந்தார்கள். இன்னொரு பங்கு இங்கேயே இருக்க எழுதிக் கொடுத்துவிட்டுப் பிரஜாவுரிமைக்குக் காத்திருந்தார்கள். ட்ரைவரும் அவன் அம்மாவும் இந்தியாவுக்கு எழுதியிருந்தார்கள், ஆனால் போக மனமில்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். இனித் தள்ளிப்போட வழியில்லை. நாலு மாதத்தில் பதுளை ஸ்டேஷனில் ரயில் ஏறினார்கள். பாஸின் மனைவி பிள்ளைகளோடு போய் வழியனுப்பினார். பாஸும் போனாராம். மச்சினன் அவரைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டானாம்.

பாஸ் இங்கேயே இருக்க எழுதிக் கொடுத்தவர். "இந்தியாவுல எனக்கு எந்த ஊருன்னே தெரியாதுங்க" என்பார். பிரஜாவுரிமை கிடைக்க, இந்தத் தோட்டத்தில் எத்தனை வருஷமாக இருக்கிறார் என்று துரை ஒரு கடிதம் கொடுக்கவேண்டியிருந்தது. அதை நான் தட்டெழுதி வைத்து ஒரு மாதமாகத் தட்டில் கிடந்தது. விசாரணைக்கு மறுநாள் துரை அதில் கையெழுத்துப் போட்டார்.

ஸ்டேஷனிலிருந்து திரும்பிய நாளிலிருந்து அந்த அம்மா புருஷனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. சோறு ஆக்கினார், துணி துவைத்தார், பெரட்டுக்குப் போனார். அவரிடம் ஒரு வார்த்தை இல்லை. லயத்துக் காம்பரா என்பது ஒரே அறை. முன்னால் ஒரு சின்ன இடம், அடுப்பு வைக்க. அதற்குள் நான்கு பேர். மகளிடம், "அப்பாவ சாப்புட வரச்சொல்லு" என்பார். அப்பா மூன்றடி தள்ளி உட்கார்ந்திருப்பார். மகள் திரும்பி, "அப்பா, சாப்புட வரட்டாம்" என்பாள். அவரும், "கை வேலையா இருக்கேன்னு சொல்லு" என்பார். தீபாவளிக்கு நான் ஒருமுறை போய் உட்கார்ந்திருந்தபோது இதைப் பார்த்தேன்.

தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். மச்சினனைக் காட்டிக்கொடுத்தான் என்று பாதிப் பேர் சொன்னார்கள். நியாயஸ்தன், பொண்டாட்டிக்குக்கூடப் பயப்படாமல் உண்மையைச் சொன்னவன் என்று பாதிப் பேர் சொன்னார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டு நான் ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். விட்டுப் போக எனக்கும் இடம் இல்லை.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. அந்தத் துரை போனார். புதுத் துரை வந்தார், பழைய கார் அப்படியே இருந்தது. இறுகின என்ஜினைப் பாஸ் முழுவதும் பிரித்து மறுபடி கட்டியிருந்தார். மகளைப் பதுளையில் கட்டிக்கொடுத்தார்கள். பிறகு மகனும் கொழும்பில் ஒரு கடையில் வேலை கிடைத்துப் போனான். அவன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காம்பராவில் இனிச் சேதி சொல்ல ஆள் இல்லை.

பக்கத்துக் காம்பராக்காரி ஒருத்தி ஆபீசில் வந்து சொன்னாள். அந்த அம்மா இப்போது கதவைப் பார்த்து, "சோறு இருக்கு" என்கிறாராம். அவர் அடுப்பைப் பார்த்து, "சரி" என்கிறாராம்.

அந்த மாதம் காரைப் பதுளைக்குக் கொண்டுபோகவேண்டி வந்தது. புது ட்ரைவருக்குக் காய்ச்சல். பாஸே ஓட்டினார், ஆபீஸ் காகிதங்களோடு நானும் ஏறிக்கொண்டேன். திரும்பி வரும்போது ஏற்றத்தில் ஒரு வளைவில் நிறுத்தினார். இறங்கி, மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்த்தார். மீட்டருக்குப் புதுக் குமிழ் வந்து வருஷங்கள் ஆகியும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை. என்ஜின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. கீழே பள்ளத்தில் பனி மூடி ஒன்றும் தெரியவில்லை. நானும் இறங்கிப் பக்கத்தில் நின்றேன். ஏழு வருஷம் வாய்க்குள் வைத்திருந்தது அங்கே வெளியே வந்தது.

"பாஸ், அன்னைக்கி நான் வாசிச்சேன்ல. அதுல அதெல்லாம் இல்ல. மீட்டர் விசயம் ஒண்ணுமே இல்ல. ட்ரைவர் மேல உள்ளது மட்டும்தான் இருந்துச்சு."

அவர் மூடியைப் போட்டு இறுக்கினார்.

"தெரியும்" என்றார்.

"எப்ப தெரியும்?"

"நீங்க வாசிக்கிறப்பவே. நான் பேசுனது அரை மணி நேரம். பேப்பர வெளிச்சத்துக்கு நேரா புடிச்சிருந்தீங்க. பின்னாடி எழுத்து தெரிஞ்சிச்சு. எண்ணிப் பாத்தேன். எட்டு வரி."

காரில் சாய்ந்துகொண்டேன்.

"அப்ப ஏன் கையெழுத்து போட்டீங்க?"

கைத்துணியால் விரல்களைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"மேசையில ஒரு தட்டு இருந்துச்சு. மேலாப்புல ஒரு காயிதம். இங்கிலீசுல எம்பேரு எப்டி இருக்கும்னு மட்டும் எனக்கு தெரியும். அதுக்கு கீழ சின்ன எழுத்துல மூணு பேரு. அவளும் புள்ளைங்களும்தான்னு நெனச்சேன். இத போடலன்னா அது அங்கதான் கெடக்கும்னு தெரிஞ்சிச்சு. 'எல்லாம் இருக்குங்களா'ன்னு உங்கள கேட்டேன். நீங்க இருக்குன்னீங்க. அத புடிச்சுகிட்டேன்."

"நான்தானே பொய் சொன்னது."

"நீங்க சொன்னீங்க. நான் கேட்டு வாங்கிகிட்டேன்."

ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. அதன் சத்தம் அடங்கும் வரைக்கும் காத்திருந்தார்.

"அவ எம்மேல கோவமா இருக்கான்னா, நான் உண்மைய சொல்லிட்டேன்னு கோவமா இருக்கா. அவன் போனது ஏன்னு அவளுக்கு தெரியாது. ஊருல பாதிப் பேரு நல்லவன்ங்கிறான். பேசாம அதையும் வச்சுகிட்டேன். வீட்டுல உக்காந்தா செவுத்த தவிர பாக்க ஒண்ணுமில்ல கிளாக்கரய்யா. இப்ப பையனும் போயிட்டான்."

அவர் அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னேன். "வாங்க. நான் சொல்றேன். நான் எதையாச்சும் விட்டுட்டா நீங்க எடுத்து சொல்லுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். அந்த அம்மா முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னை வாங்க என்று சொல்லி ஒரு பெட்டியைத் தள்ளிப்போட்டார். பாஸ் கதவோரம் தரையில் உட்கார்ந்து, மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஏழு வருஷத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும். முறத்தில் இருந்த விரல்கள் அப்படியே நின்றன.

எல்லாவற்றையும் சொன்னார். நான் எடுத்துச் சொல்ல அவர் எதையும் விடவில்லை. எட்டு வரி, தட்டில் இருந்த கடிதம், கேட்ட கேள்வி, எல்லாம். துரை லாச்சியில் வைத்த மூன்று துண்டுகளைப் பற்றி மட்டும் நான் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது.

அந்த அம்மா தலையைத் தூக்கவே இல்லை. அரிசியில் விரல் மறுபடி அசைந்தது, ஆனால் கல்லைப் பொறுக்கவில்லை. பிறகு கேட்டார். கதவைப் பார்த்துக் கேட்கவில்லை. அவரைப் பார்த்தே கேட்டார்.

"அந்த காயிதத்துல எம்பேரும் இருந்துச்சா?"

"இருந்துச்சு. புள்ளைங்க பேரும்."

"அது வந்ததாலதான் நாம இங்க இருக்கோம்?"

"ஆமா."

முறத்தைக் கீழே வைத்தார். "அப்ப தம்பிய அனுப்பிட்டு அந்த எடத்துல நானும்தான் உக்காந்திருக்கேன்" என்றார். முகத்தைச் சேலைத் தலைப்பால் அழுத்தி மூடிக்கொண்டார். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் அசைந்தது. பாஸ் எழுந்து பக்கத்தில் போகவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. இருந்த இடத்திலேயே இருந்தார். அந்த அறையில் வேறு எங்கே போவது? நான் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வாரம் மச்சினனுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்று வந்தார். அவர் சொல்ல நான் எழுதினேன். நான் செய்ததையும் அதில் எழுதினேன். ஆறு பக்கம். எங்கேயோ நீலகிரிப் பக்கம் ஒரு விலாசம் இருந்தது, அதற்குப் போட்டோம். பதில் வரவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தும் எழுதவில்லையா, எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் எனக்கு அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றல் வந்தது. விடைபெற ஷெட்டுக்குப் போனேன். காரின் அடியில் படுத்திருந்தார். எண்ணெய்க் கை என்பதால் மணிக்கட்டை நீட்டினார், அதைப் பிடித்துக் குலுக்கினேன். வீட்டில் எப்படி என்று கேட்காமலே திரும்பினேன்.

கொஞ்ச காலம் கழித்து, பதுளைக் கடைவீதியில் அவருடைய மகளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. அவளே அடையாளம் கண்டு, "கிளாக்கர் மாமா" என்று கூப்பிட்டாள். அம்மா அப்பா எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தேன். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தடுமாறி, "ரெண்டு பேரும் பேசிக்கிறாங்களா?" என்றேன்.

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"பேசுறதா? விடிஞ்சா சண்ட, அடைஞ்சா சண்ட மாமா. அம்மா அந்த ஏழு வருசத்துக்கும் சேத்து இப்பதான் ஏசுது. அப்பாவும் உடுறதில்ல, பதிலுக்கு பதில் பேசுறாரு. பக்கத்து காம்பராக்காரங்க தூங்க முடியலன்னு எனக்கு சொல்லி அனுப்புறாங்க. நான் போயி என்னா செய்யிறது, சொல்லுங்க?"

அவள் உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டாள். எனக்கு அந்தக் கடைவீதியில் நின்றபடியே சிரிப்பு வந்தது. அவள் என்ன நினைத்தாளோ தெரியாது. "ஒண்ணும் செய்யாத புள்ள" என்றேன். "அவங்க பாட்டுக்கு இருக்கட்டும்."